‘நாங்க’ன்னு சொல்லாதே!

“மறுபடியும் ‘நாங்க’ன்னு சொல்ற பாரு! நாங்கன்னா யாரு மாப்ளே? ஊர்வலமா போய் நெட்வொர்க் பார்த்தீங்களா?”

மச்சான் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மேஜையில் டொக்கென்று தட்டினான். காலையிலிருந்து அந்த மேஜை வாங்கிய அடி கொஞ்சமல்ல.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை தலையைச் சொறிந்தான். இருவரும் ஒரே கம்பெனியில், ஒரே சின்ன அறையில், வருஷக்கணக்காகக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்கைக் கட்டி மேய்த்தவர்கள். நட்பு முற்றிப்போய், மச்சான் தன் தங்கையையே அவனுக்குக் கட்டிக் கொடுத்தான். போன மாதம் கம்பெனியை இழுத்து மூடியதும் இரண்டு பேருமே ஒன்றாக வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

இப்போது ஓர் ஆஸ்பத்திரியில் நெட்வொர்க் வேலை. ஒரே ஓர் இடம். நேற்று சாயங்காலம்தான் மச்சான் அரக்கப்பரக்க வந்து, பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் போட வைத்தான். இன்றைக்கே போனில் இன்டர்வியூ என்று உடனே பதிலும் வந்துவிட்டது. எதிரே ஆளைப் பார்த்துப் பேசியே பழகிய மாப்பிள்ளைக்கு, முகம் தெரியாத இன்டர்வியூ இதுதான் முதல் தடவை.

“நீயும் போட்டிருக்கலாமே மச்சான்?”

“முதல்ல உன்னைக் கரை சேர்ப்போம். உனக்குக் கைக்குழந்தை இருக்கு. எனக்கென்ன, ஒண்டிக்கட்டை. சரி, கேள்வி. ‘நீங்க சந்திச்ச பெரிய சிக்கல் எது? எப்படித் தீர்த்தீங்க?’ ம், ஆரம்பி.”

“ஒரு நாள் ஆபீஸ் பூரா நெட்வொர்க் செத்துப்போச்சு. நாங்க…”

டொக்.

“நான்… நான் போய்ப் பார்த்தேன். யாரோ ஒரே ஒயரோட ரெண்டு முனையையும் கம்ப்யூட்டரையெல்லாம் இணைக்கிற ஒரே ஸ்விட்ச் பெட்டியில செருகிட்டாங்க. அனுப்பின தகவலே சுத்திச் சுத்தி வந்து மொத்தத்தையும் அடைச்சுக்கிச்சு.”

சொல்லும்போதே அவன் கைகள் காற்றில் ஒயர் இழுத்து, பெட்டி வரைந்து, வட்டமும் போட்டன.

“கையைக் கட்டு. போன்ல உன் டான்ஸ் தெரியாது.”

சமையலறையிலிருந்து மாப்பிள்ளையின் மனைவி குரல் கொடுத்தாள். “என் புருஷனை ஏன்ணே இந்தப் பாடு படுத்துற? ஸ்கூல்ல நீ வாங்கின அடிக்கெல்லாம் இவர்கிட்ட பழி தீர்க்கிறியா?”

“நீ குக்கர் வைக்காம இரு, அது போதும். நடுவுல விசிலடிச்சா இவன் அதுக்கும் பதில் சொல்லுவான்.”

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் இதை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று தெரியாது. எப்படியும் பிடித்துவிட வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“இன்னொண்ணு,” என்றான் மச்சான். “நீ பதில் சொல்லி முடிச்சதும் அந்தம்மா உடனே பேசமாட்டாங்க. லைன் கட்டாயிடுச்சோன்னு பதறி ‘ஹலோ, ஹலோ’ன்னு கத்தாதே. எழுதிட்டிருப்பாங்க.”

“பேசப்போறது அம்மாவா ஐயாவான்னே தெரியல, அதுக்குள்ள…”

“ஒரு பேச்சுக்குச் சொன்னேன்.” டொக்.

“இப்ப நான் ‘நாங்க’ன்னு சொல்லவே இல்லையே!”

“சொல்லப் போறியேன்னு முன்கூட்டியே தட்டினேன்.”

“சொன்னாத்தான் என்ன மச்சான்? அன்னிக்கு நீயும்தானே இருந்தே?”

மச்சான் விளையாட்டை விட்டான். “இருக்கிறது ஒரு நாற்காலி. அதுல ‘நாங்க’ எப்படி உட்காரும்? ‘நான்’னு சொன்னாத்தான் வேலை. எனக்காகச் சொல்லு.”

போன் அடித்தது. மச்சான் மின்விசிறியை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனான்.

பெண் குரல்தான். மச்சான் கேட்ட கேள்விகளே ஒவ்வொன்றாக வந்தன. பதில் முடிந்ததும் மௌனம். பேனா ஓடும் சத்தம். மாப்பிள்ளை ஒரு கையில் போனைப் பிடித்து, இன்னொரு கையைத் தொடைக்கு அடியில் கொடுத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டான். ‘நான், நான்’ என்று சொல்லச் சொல்லத் தைரியம் வந்தது.

“நான் மூணாவது மாடிக்குப் போய் ஒவ்வொரு ஒயரா பிடுங்கினேன் மேடம். கீழே சர்வர் ரூம்ல விளக்கெல்லாம் பைத்தியம் புடிச்ச மாதிரி துடிச்சிட்டிருந்துச்சு. ஒரு ஒயரைப் பிடுங்கினதும் நின்னுச்சு.”

பேனா நின்றது.

“நீங்க மூணாவது மாடியில இருந்தீங்க. கீழே துடிப்பு நின்னதை யார் பார்த்தது?”

இந்தக் கேள்வியை மச்சான் சொல்லித்தரவில்லை. கதவுக்கு அடியில் மச்சானின் நிழல் அசையாமல் நின்றது. வாய்வரை வந்த ‘நான்’, அதைத் தாண்டி வரமாட்டேன் என்றது.

“என் மச்சான் மேடம்,” என்றான். “அவன் கீழே நின்னு பார்த்து எனக்கு போன்ல சொன்னான். அவன் இல்லாம கண்டுபிடிச்சிருக்கவே முடியாது. இதுவரைக்கும் நான் ‘நான்’னு சொன்ன இடத்துலயெல்லாம் ‘நாங்க’ன்னு மாத்திப் போட்டுக்குங்க.”

மௌனம். இந்த முறை பேனா சத்தம்கூட இல்லை. வேலை போயே போச்சு என்று நினைத்தான். ‘ஹலோ’ என்று கத்த வந்ததை விழுங்கினான்.

“திங்கட்கிழமை நேர்ல வாங்க,” என்றார் அந்த அம்மா. குரலில் லேசாகச் சிரிப்பு. “நேத்து இதே வேலைக்கு உங்க மச்சான்கிட்டத்தான் பேசினேன், பேச்சு முழுக்க அவர் ‘நாங்க, நாங்க’ன்னுதான் சொன்னார். ஒரே ஒரு தடவைதான் ‘நான்’னு சொன்னார்: ‘ஒரு இடம்தான்னா நான் வேணாம், என் மாப்பிள்ளையைக் கூப்பிடுங்க’ன்னு.”