ஆறிப்போன வரவேற்பு

கிட்ட வாங்க கண்ணுங்களா, இன்னும் வராத ஒரு காலத்துக் கதை சொல்கிறேன்.

பஞ்சநதத்துக்கு வாயைத் திறப்பதென்றால் வேப்பங்காய். மூத்த மகளின் நிச்சயத்தன்று வாசலில் நின்று ஒருதரம் அழகாக வரவேற்றுப் பேசினார். பேசியதை அப்படியே, கேட்டதைத் திருப்பிச் சொல்லும் வீட்டுச் சுவரிடம் சேமிக்கச் சொல்லி, அதற்கு 'வரவேற்பு' என்று பெயரும் வைத்துவிட்டார். இனி ஆயுசுக்கும் அது போதுமாம்!

இளையவள் இளவேனிலின் நிச்சயத்துக்குச் சம்பந்திகள் தாம்பூலத் தட்டோடு வந்து நின்றார்கள்.

"அப்பா, நீங்களே கூப்பிடுங்கப்பா."

"அடி போடி! ஆளுக்குத் தக்கபடி பேரை அதுவே மாத்திக்கும்." சுவரைப் பார்த்து, "வரவேற்பு" என்றார்.

சுவர் அவர் குரலிலேயே குழைந்தது. "வாங்க சம்பந்தி! மாப்பிள்ளை கதிரவனுக்குப் பொண்ணு குடுக்க நாங்க குடுத்து வச்சிருக்கணும்!"

கதிரவன் மூத்தவளின் புருஷன்.

மாப்பிள்ளையின் அம்மா செண்பகவல்லி படியேறவில்லை. "யாருங்க கதிரவன்? என் பிள்ளை பேரு முகிலன். பழைய சோத்தையா பரிமாறுறீங்க? உங்க வாயால கூப்பிடுங்க, வர்றோம்."

பெரிய மனிதர் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு மறுபடியும் சுவரைத்தான் பார்த்தார், வெட்கங்கெட்ட மனுஷன்! செண்பகவல்லி தட்டோடு திரும்பினாள்.

இளவேனில் பட்டுப்புடவை தடுக்கத் தடுக்க ஓடினாள். "அத்தை! வெயில்ல நிக்காதீங்க, உள்ள வாங்க."

செண்பகவல்லி சிரித்துவிட்டாள். "இந்த வீட்டுல ஒரு வாயாவது உயிரோட இருக்கே!" என்று படியேறினாள்.

உங்கள் வீட்டுக்கு நல்ல மனுஷர் வந்தபடி இருக்கட்டும். நீங்களும் வாய்நிறையக் கூப்பிட்டபடி நன்றாக இருங்கள்.