பத்து மணி நேர வண்டி

"இப்பல்லாம் யாருக்கு ஒரு இடத்துல உட்காரத் தெரியுது? எல்லாம் கால்ல வெந்நீரக் கொட்டிக்கிட்ட மாதிரி ஓடுதுங்க. ஓடிப் போயி என்னத்தக் கிழிக்குதுங்கன்னுதான் தெரியல. எனக்குப் பழைய வண்டியிலயே ரெண்டு டிக்கெட் போடும்மா. வர்ற சனிக்கிழமைக்கு."

முன்பதிவுக் கவுண்டரின் கண்ணாடித் துளையில் வாயை வைத்துப் பட்டறைக்காரர் இதைச் சொன்னார். நாற்பது வருடம் வெல்டிங் பட்டறைச் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய தொண்டை. வரிசையின் கடைசியில் நின்றவர் வரைக்கும் கேட்டது.

கவுண்டர் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "ஐயா, அது பத்து மணி நேரம் போகும். கண்ட கண்ட ஸ்டேஷன்லயெல்லாம் நிக்கும். புது அதிவேக வண்டியில ரெண்டே மணி நேரம்தான்."

"அது வேணாம்."

"ஏன்?"

"ஜன்னல் திறக்காது."

"உள்ள ஏசி இருக்கே."

"தண்டவாளத்துல எவன் வெல்டிங் பத்த வெச்சிருக்கான்னு தெரியாது. நான் பத்த வெச்ச ஒட்டு எங்க விடும்னு எனக்குத் தெரியும். அவன் வெச்சது எங்க விடும்னு அவனுக்கே தெரியாது. அந்த வேகத்துல விட்டா அள்ளுறதுக்குக்கூட ஒண்ணும் மிஞ்சாது."

பின்னால் நின்ற மருந்துக் கம்பெனிப் பிரதிநிதிக்குப் பொறுக்கவில்லை. பையைத் தோள் மாற்றிக்கொண்டு, "தாத்தா, நான் வாரத்துக்கு ரெண்டு தடவ அதுலதான் போறேன். காலைல போயி வேலைய முடிச்சுட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடறேன். முன்னாடின்னா அங்க ஒரு ராத்திரி தங்கணும்" என்றார்.

"அப்ப ரெண்டு நாள் வேலைய ஒரே நாள்ல முடிக்கிற. மிச்சமான நாளைக்கு உன் முதலாளி லீவு குடுத்தானா?"

பிரதிநிதி பின்னங்கழுத்தைத் தடவினார். "இல்ல... இன்னொரு ஊருக்கு அனுப்புறாரு."

வரிசை சிரித்தது. பிரதிநிதியும் அசடு வழியச் சிரித்துவிட்டு, விட மனமில்லாமல், "சரி, உங்களுக்கு வேணாம். கூட வர்றவங்களையாவது நெனச்சுப் பாருங்க. பத்து மணி நேரம் உட்கார்ந்தா பாட்டிம்மா இடுப்பு என்னத்துக்கு ஆகும்?" என்றார்.

"இடுப்புக்கெல்லாம் ஒரு கேடும் இல்ல. நீ உன் இடுப்பப் பாரு."

கவுண்டர் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு விசைப்பலகையைத் தட்டினாள். "அந்த ஊர்ல சொந்தக்காரங்க இருக்காங்களாய்யா?"

"மக இருக்கா." பட்டறைக்காரர் தீப்பொறித் தழும்பு விழுந்த முன்னங்கையைக் கவுண்டர் பலகையில் ஊன்றினார். "இந்தப் புது வண்டி விட்டப்போ, 'அப்பா, இனிமே மாசாமாசம் வந்துடுவேன்'னு சொன்னா. பழைய வண்டியில வருஷத்துக்கு நாலு தடவ வருவா. வந்தா மூணு நாள் இருப்பா. இப்பவும் அதே நாலு தடவதான். காலைல வந்து, கைய நனைச்சதும் நனைக்காததுமா, சாயங்கால வண்டிக்கு மணி பாக்க ஆரம்பிச்சுடறா. இதுக்கு எதுக்கும்மா இவ்வளவு பெரிய பாலமும் சுரங்கமும்?"

திரையைப் பார்த்தவள் உதட்டைப் பிதுக்கினாள். "பழைய வண்டியில ரெண்டு சீட் இருக்கு. ஆனா வேற வேற பெட்டி."

"அது ஆகாது. பக்கத்துல பக்கத்துல வேணும்."

"புது வண்டியில சேர்ந்தே இருக்கு, ஐயா."

"அதுல ஏறி உட்காருறதுக்குள்ள இறங்கச் சொல்லிடுவானே." பட்டறைக்காரரின் குரல் முதல் முறையாக இறங்கியது. "கொஞ்சம் நல்லாப் பாரும்மா. கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்துல இருந்தாலும் பரவாயில்ல. சேர்ந்து இருந்தாப் போதும்."

அவள் ஒவ்வொரு பெட்டியாகத் தேடினாள். பிரதிநிதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கையைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"கிடைச்சுடுச்சு. கடைசிப் பெட்டி. ஒண்ணு ஜன்னலோரம், ஒண்ணு அதுக்குப் பக்கத்துல."

"போடு, போடு! எவனாவது தட்டிட்டுப் போயிடப் போறான்."

"வயசு சொல்லுங்க."

"எழுபத்திரண்டு."

"அவங்களுக்கு?"

"ஆறு."

அவள் விரல் நின்றது.

"பேத்தி. கைக்குழந்தையா எங்கிட்ட விட்டுட்டு வேலைக்குப் போனா மக. இப்ப வீடு, பள்ளிக்கூடம் எல்லாம் பாத்துட்டாளாம். கொண்டுவந்து விட்டுடுங்கப்பான்னா. பெத்தவ கேக்குறா, நியாயந்தானே."

பிரதிநிதி தொண்டையைச் செருமினார். "அதான் தாத்தா, புது வண்டி இருக்கே. நெனச்சப்ப போயிப் பாத்துட்டு வரலாமே."

"வரலாம், வரலாம்னு சொல்லிக்கத்தான் தம்பி அந்த வண்டி."

கவுண்டர் பெண் இரண்டு டிக்கெட்டையும் மெதுவாக நீட்டினாள். "நீங்க திரும்பி வர்றது ஞாயித்துக்கிழமைதானே, அதுக்கும் இதே பத்து மணி நேர வண்டியிலயே போட்டுடவா, ஐயா?"

"வேணாம், தனியா வர்றதுக்கு அந்த ரெண்டு மணி நேர வண்டியிலயே போட்டுடு" என்ற பட்டறைக்காரர், பணத்தைக் கொடுத்து மூன்று டிக்கெட்டையும் வாங்கிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, "அதுக்காக அது நல்ல வண்டின்னு ஆயிடாது" என்று யார் முகத்தையும் பார்க்காமல் சொல்லியபடியே வாசலை நோக்கி நடந்தார்.