எருமைக்கும் அதே சத்தம்

“கண்ணில் பட்டால் கத்திவிடு, ஆனால்…” என்று அப்பா ஏதோ சொல்லியிருந்தார். ஆள்காட்டிக் குருவிக்கு அதற்கு மேல் நினைவில்லை. அதனால் ஏரிக்கரையில் எது தெரிந்தாலும் அது ஒரே மாதிரி கத்தும்.

அன்று நாய் வந்தது. குருவி தொண்டை கிழியக் கத்தியும், புல்லுக்குள் குட்டிகளோடு படுத்திருந்த முயல் தலையைத் தூக்கவில்லை. நாய் பாய்ந்த பிறகுதான் ஓடியது. எல்லாரும் தப்பினாலும் ஒரு குட்டியின் காது கிழிந்துவிட்டது.

“அவ்வளவு கத்தினேனே அக்கா! இத்தனை நீளக் காதை வச்சுக்கிட்டு கேக்கலையா?”

“கேட்டுது தம்பி. காலையில எருமை வந்ததுக்கும் இதே சத்தம்தான். அப்புறம் ஒரு காகிதப் பை பறந்ததுக்கும். நான் குட்டிக்குப் பால் குடுக்கிறதா, நீ கத்துறப்பல்லாம் ஓடுறதா?”

குருவி பதிலுக்குச் சீற வாயெடுத்தது. குட்டியின் காதைப் பார்த்ததும் அடங்கியது.

“சரி, நான் எப்படிச் சொன்னா ஓடுவே?”

“என்ன வருது, எந்தப் பக்கமா வருது, அது போதும்.”

“எருமை வந்தா?”

“எருமை என் குட்டியைத் தின்னுமா?”

அந்நேரம் எருமை கரையேறி வந்தது. குருவிக்குத் தொண்டை அரித்தது. அலகை இறுக மூடிக்கொண்டு, இனி ஆபத்துக்கு மட்டுமே கத்துவது, அதுவும் பெயரும் திசையும் சொல்லியே கத்துவது என்று முடிவெடுத்தது.