தொட்டியடித் தண்ணீர்

டீசல் தொட்டியின் அடியில் சேரும் தண்ணீரை வடிக்காவிட்டால் ஜெனரேட்டர் திணறி நின்றுவிடும். ஆஸ்பத்திரி மெக்கானிக்குக்கு அது தெரியும். ஆனாலும் அடித்துப்போட்டது போன்ற அலுப்பில், ஒரு மாதமாக நாளை நாளை என்று தள்ளிப்போட்டிருந்தார்.

மாடியில் மகளின் ஆபரேஷன் நடுவே கரண்ட் போனது. ஜெனரேட்டரோ திணறாமல் ஓடியது.

கீழே ஓடி, ஜெனரேட்டர் அறைப் பூட்டைத் திறந்து பார்த்தார். தொட்டியருகே வாளி நிறைய அழுக்குத் தண்ணீர்.

"யாருய்யா வடிச்சது?"

"இருக்கிற ஒரே சாவி உங்க இடுப்புல. கேள்வி என்கிட்டயா?" என்றார் வாசலில் நின்ற வாட்ச்மேன்.

மாடியில் நர்ஸ் காத்திருந்தாள். "பாப்பா பிழைச்சுட்டாண்ணே. இன்னும் மயக்கம் தெளியல. அவ கையிலதான், எத்தனை தடவை துடைச்சாலும் டீசல் வாடை போக மாட்டேங்குது."