ஓடைக்கரையில் ஒரு கோட்டைக் கதவு

அக்கரைச் சீமையில், பசுந்தாங் ஓடைக்கரை மரப்பட்டறையில், சுவரே இல்லாமல் தனியாக நிற்கிறது அந்தத் தேக்குக் கதவு. மார்வாடி சேட், ராஜபுதனத்தில் தன் சொந்த ஊரில், தான் போய்ப் பார்க்காமலே கட்டி முடித்த மாளிகைக்காகக் குழந்தைவேலு ஆசாரி செய்தது. நாளைக்குக் கப்பலேறுகிறது. சேட்டின் ஊர்க் கோட்டைக் கதவில் இருப்பதைப் போலவே, யானை முட்டாதபடி இரும்பு முட்கள் வைத்தாயிற்று. பக்கத்து மில்லில் கட்டை தள்ளும் யானை அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மழை விட்ட வெயிலில் முட்களின் நிழல் பலகையில் நீண்டு கிடக்கிறது. சேட் ஒவ்வொரு முள்ளாகத் தொட்டுப் பார்க்கிறார். "கதவு போகுது ஆசாரி. நான் போகக் கூடாதாம், டாக்டர் சொல்லிட்டார். கடல் பயணம் இந்த நெஞ்சுக்குத் தாங்காதாம்." ஆசாரி கையில் இருந்த உளியோடே நடக்கிறார். கதவின் மறுபக்கம் போய், மரத்தூளைக் காலால் ஒதுக்கிவிட்டு, பெரிய கதவுக்குள் இருக்கும் சின்னத் திட்டிவாசலைத் திறந்து பிடிக்கிறார். சேட் செருப்பைக் கழற்றுகிறார். தலைப்பாகையை ஒரு கையால் பிடித்தபடி குனிந்து, வலது காலை எடுத்து வைக்கிறார். ஆசாரி நிற்கும் இந்தப் பக்கம் மரத்தூளும் ஓடையும்தான். உளியைக் கீழே வைத்துவிட்டு, ஆசாரி தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்கிறார். "வாங்க சேட், வாங்க," என்கிறார்.