கூப்பிட்டுக் காட்டிய ஸ்லைடு

“எல்லாரும் வாங்க! வந்து இதைப் பாருங்க!”

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே டாக்டர் கூவினார்.

ஸ்லைடு தயாரிக்கும் டெக்னீஷியன் அக்கா சாயப் புட்டியை மூடாமலே நிமிர்ந்தாள்.

சாதாரண ஸ்லைடு என்றால் டாக்டர் ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு டீ கேட்பார். ஆள் கூட்டிக் காட்டுவதெல்லாம் பொல்லாத கட்டிகளைத்தான். அந்த லேபில் ஒரு ஸ்லைடு அழகு என்று பேர் வாங்கிவிட்டால், அதற்குரியவர் பாடு திண்டாட்டம்.

இன்று தட்டில் இருந்த ஸ்லைடுகளில் ஒன்று அவள் கணவனுடையது.

தொடை இடுக்கில் கோலிக்குண்டு அளவுக்கு வீங்கியிருந்த நிணநீர் முடிச்சு. “கட்டிக்கிட்டது ஒண்ணு போதாதா, இன்னொரு கட்டி வேறயா?” என்று, அதை எடுக்க ஆபரேஷன் அறைக்குப் போகும்போதும் சிரித்த மனுஷன்.

மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போட்டது எல்லாம் அவளேதான். வேறு கையில் கொடுக்க மனம் வரவில்லை. யாருடையது என்று ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. ஸ்லைடில் பேர் இருக்காது, எண் மட்டும்தான்.

ஜூனியர்கள் முண்டியடித்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி எண்ணைச் சத்தமாகப் படித்தாள்.

அதே எண்.

அவள் மட்டும் நாற்காலியிலேயே இருந்துகொண்டாள்.

“முடிச்சுக்குள்ள பூரா ரத்தக்குழாயா வளர்ந்து கிடக்கு பாருங்க. புத்தகத்துல படிச்சதோட சரி, நேர்ல இன்னிக்குத்தான் பார்க்கிறேன். பரம சாதுக் கட்டி, புற்றெல்லாம் இல்ல. எடுத்தாச்சுல்ல, இத்தோட முடிஞ்சுது. ஆள் நூறு வயசு இருக்கலாம்.”

டாக்டர் சொன்னதை அவள் மனசுக்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

எல்லோரும் பார்த்து முடித்த பிறகு அவளும் போய்க் குனிந்தாள். இளஞ்சிவப்பில் சின்னச் சின்ன வாய்க்கால்கள். ஒவ்வொன்றிலும் நெரிசலாய்ச் சிவப்பணுக்கள். எங்கே போனாலும் நாலு பேரைக் கூட்டிவைத்து அரட்டை அடிக்கிற ஆளுக்குக் கட்டிகூட அப்படித்தான் வாய்க்கும்போல. சிரிப்பும் வந்தது. கண்ணில் நீர் முட்டி வாய்க்கால்கள் ஒன்றோடொன்று கலந்தன.

டாக்டர் அடுத்த ஸ்லைடை எடுத்தபடி, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்:

“சீவினது ஓரத்துல மடிஞ்சிருக்கு. இத்தனை வருஷத்துல உங்க கை இப்படி மடிச்சதே இல்லையேம்மா. தட்டுல பார்த்ததுமே நினைச்சேன், உங்க வீட்டு ஆளோடதுதான்னு. அதான் மத்ததை எல்லாம் விட்டுட்டு முதல்ல இதை எடுத்தேன். போங்க, போன் பண்ணிச் சொல்லிட்டு வாங்க.”