நாற்காலியில் உட்கார்ந்தவர்

ஆசனவாய் வெடிப்பு ஆராய்ச்சிப் பிரிவில் நாற்காலிகளில் யாரும் உட்காருவதில்லை. களிம்பு ட்யூப் உள்ள கவரை நாற்காலியில் வைத்துவிட்டு, சுவரோரமாக நின்றுகொள்வார்கள். பாதிப் பேருக்கு மருந்து கலந்த களிம்பு, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் களிம்பு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். பரஞ்சோதி இதையெல்லாம் நம்புகிற ஆள் இல்லை. இவர்கள் நடுவில் மாற்றிவிட்டால் என்ன செய்வது என்று முதல் நாளே தன் ட்யூபின் அடியில் சாவியால் ஒரு பெருக்கல் குறி கீறி வைத்தார்.

இன்று இருதயராஜ் வந்தார். வந்தவர், கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார். பரஞ்சோதிக்கு வயிறெரிந்தது.

"எப்படிங்க உக்கார முடியுது?"

"போன தடவை வந்துட்டுப் போனதுலேர்ந்து மருந்து கேக்குதுண்ணே" என்றார் இருதயராஜ், முகத்தைப் பார்க்காமல்.

நர்ஸ் கூப்பிட்டதும் கவரை நாற்காலியிலேயே விட்டுவிட்டு உள்ளே போனார். பரஞ்சோதி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன் ட்யூபை அந்தக் கவரில் போட்டு அவருடையதை எடுத்துக்கொண்டார். எடுத்ததைத் திருப்பிப் பார்த்தார். அடியில் பெருக்கல் குறி இருந்தது. போன தடவை பரஞ்சோதியும் தன் கவரை இப்படித்தான் விட்டுவிட்டு உள்ளே போயிருந்தார்; அதன் பிறகு குறி இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை.

இருதயராஜ் திரும்பி வந்து, தன் கவரைத் திறந்துகூடப் பார்க்காமல் மடியில் வைத்துக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"எனக்கு ஆறிடுச்சுண்ணே. இனிமே உங்களுக்கும் கேக்கும்."